மரப்படகும் பைபர் படகும்: மலையக நீருக்கு எது பொருந்தும்?

1873இல் அமைக்கப்பட்ட நுவரெலியா கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ சிறு பாய்மரப் படகொன்றை வைத்திருக்க விரும்புபவர், கடலோரத்தாரின் அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சையை உப்புநீர் ஓரளவு தடுக்கிறது. தேங்கிய மழைநீரோ அதை வளர்க்கிறது. ஆகவே தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்காக நனையும் மரப்படகில், பலகைகள் பொருந்தும் இடுக்குகளிலும் உள்மூலைகளிலும் நிற்கும் நீரை நாள்தோறும் இறைத்துத் துடைப்பதோடு, மூடியிருக்கும் படங்கின் கீழ் காற்று ஓடவும் வழிவிட வேண்டும். மழை ஓய்ந்த பின் கரையேற்றி, மரம் முற்றாக உலர்ந்த பிறகே வார்னிஷ் பூச வேண்டும். ஈரத்தின் மீது அவசரமாகப் பூசிய வார்னிஷ் தோல்தோலாக உரிந்ததைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

பைபர் படகு உக்காது. ஆனால் அதற்குப் பராமரிப்பே வேண்டாம் என்பது தவறு. நெடுங்காலம் மிதந்தால் மேற்பூச்சினூடே நீர் ஊடுருவி அடிப்புறத்தில் கொப்புளங்கள் எழும், அதுவும் கடல்நீரைவிட நன்னீரிலேயே எளிதாக எழும்.

கடற்சிப்பி ஒட்டுவதும் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவும் இங்கே இரண்டுக்கும் இல்லை.

வார இறுதியில் மட்டும் வருபவருக்குப் பைபர் படகையே பரிந்துரைப்பேன். கரையிலேயே குடியிருந்து, தினமும் படகைத் தொட்டுப் பார்ப்பவருக்கு மரப்படகு.