கடற்கரையா, கோட்டையா, மலையா, குளத்தங்கரையா? குமரியில் ஒரே ஒரு விடியல் கையில் இருந்தால்

கன்னியாகுமரிக்குக் கேமராவோடு வருகிறவர்களில் பலர் ஒரு ராத்திரி தங்குவார்கள், விடியலைப் படம் பிடிப்பார்கள், காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். அந்த ஒரு காலையை எங்கே செலவழிப்பது? லாட்ஜில் கேட்டால் மொட்டை மாடிக்குப் போகச் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் கேட்டால் முக்கடல் சங்கமத்தில் இறக்கிவிடுவார். அதற்கு ஈடாக இந்த மாவட்டத்தில் வேறு மூன்று இடங்கள் உண்டு. அதில் ஒன்றை நான் சங்கமத்துக்கும் மேலாகவே வைப்பேன்.

எங்கே போனாலும் கடிகாரம் ஒன்றுதான். மே, ஜூனில் ஆறு மணியை ஒட்டி உதயம், ஜனவரிக் கடைசியில் 6.40 வரை தள்ளிப்போகும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 8 பாகையில் இருப்பதால் சூரியன் சரிவாக ஏறாமல் நெட்டுக்குத்தாக ஏறும். வானம் சிவந்து கிடக்கும் நேரம் அதனால் குறைவு. உதயத்துக்கு முந்தைய இருபது நிமிடமும் பிந்தைய கால் மணி நேரமும்தான் நமக்கு. அதற்கு அரை மணி முன்பே இடத்தைப் பிடித்து ட்ரைபாடை நிறுத்தியிருக்க வேண்டும்.

முதலில் கடற்கரை. இங்கே கிடைப்பது நிழலுருவம். கரையில் நின்றால் 133 அடி வள்ளுவரும் விவேகானந்தர் மண்டபமும் கிழக்கே இருக்கின்றன. வெளிச்சம் அவற்றுக்குப் பின்னாலிருந்து வருகிறது. சிலையின் முகம் தெரிய வேண்டும் என்று எக்ஸ்போஷரைக் கூட்டினால் வானம் வெளுத்துப் போகும். முகத்தை விட்டுவிடுங்கள், வடிவத்தைப் பிடியுங்கள். சிலையும் மண்டபமும் நிற்கும் பாறைகளை இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இந்த வடிவத்தையே மாற்றிவிட்டது. முன்பு இரண்டு பாறைக்கும் நடுவே வெறும் வானம் தெரியும், அந்த இடைவெளியில் சூரியனை நிறுத்துவார்கள். இப்போது அங்கே ஒரு வளைவு நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் பழைய படங்களைப் பார்த்து அதே ஃப்ரேமைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சூரியன் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் உதிப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சங்கமத்தில் நின்றால் ஏறக்குறைய பாறைகளின் பக்கமே எழும். ஆனியில் இடப்பக்கம் விலகி வெறும் கடல்மேல் வரும். மார்கழியில் வலப்பக்கம் நகர்ந்துவிடும். அப்போது சூரியனைச் சிலைக்குப் பின்னால் கொண்டுவர, கரையோரமாக வடக்கே நடந்து இடத்தை மாற்ற வேண்டும். பாறைக்குப் படகு எட்டு மணிக்கு மேல்தான் என்பதால் அங்கே நின்று உதயத்தைப் பிடிக்கும் ஆசை வேண்டாம். சீசனில் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம், ஐயப்ப சாமிமார் வரும் கார்த்திகை, மார்கழியில் உங்கள் ஃப்ரேமில் நூறு செல்போனாவது இருக்கும்.

இன்னொன்று, ஏசி அறையில் கிடந்த லென்ஸை நேரே கடல் காற்றில் எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படரும். துடைத்தால் மறுபடி படரும். அது விலகுவதற்குள் சிவப்பு வானம் முடிந்துவிடும். படுக்கப் போகும்போதே கேமரா பையை ஏசி இல்லாத பக்கம் வைத்துவிடுங்கள்.

வட்டக்கோட்டை சங்கமத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் வடகிழக்கே. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில், டச்சுப் படையிலிருந்து வந்து அவருக்குத் தளபதியான டிலனாய் எடுத்துக் கட்டிய கருங்கல் கோட்டை. உள்ளே போக நேரக் கட்டுப்பாடு உண்டு, அதனால் விடியலுக்கு வெளியே இருக்கும் மணல்தான் கதி. அந்த மணல்தான் இங்கே விசேஷமே. கறுப்பு மணல். அலை வந்து போனதும் ஈர மணலில் வானத்தின் நிறம் சில நொடிகள் அப்படியே நிற்கும். அந்த நொடிகளுக்காகவே வைட் ஆங்கிள் லென்ஸைத் தாழ்த்தி வைத்து, அலை திரும்பும் நேரம் பார்த்து அரை நொடி ஷட்டர் கொடுக்கலாம். ட்ரைபாட் காலை முதலிலேயே ஆழ அழுத்தி ஊன்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் அது கொஞ்சம் இறங்கி அடிவானம் சாய்ந்துவிடும். பாறைமேல் ஏறினால், “பாத்து நில்லு மக்கா, கல்லு வழுக்கும்” என்று மீன்பிடிக்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டு நடங்கள். கூட்டம் வேண்டாம், கடலும் வேண்டும் என்றால் சங்கமத்தைவிட இதுதான் நல்லது.

மருந்துவாழ்மலைக்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும். பொற்றையடியிலிருந்து இருட்டிலேயே டார்ச்சோடு ஏறத் தொடங்க வேண்டும், கேமரா பையோடு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்லும் மலை. மேலே நின்றால் தென்னந்தோப்பும் குளங்களும் கடலும் ஒன்றாகக் காலடியில் விரியும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருந்தால் போகலாம். மழை நாளில் பாறைப் படியில் ஏற வேண்டாம். தனியாகவும் வேண்டாம்.

இனி தேரூர் குளம். என் வோட்டு இதற்குத்தான். கடற்கரையில் நாம் சூரியனைப் படம் எடுக்கிறோம். தேரூரில் சூரியன் தொடும் நிலத்தைப் படம் எடுக்கலாம். நிலக்காட்சி என்று ஒன்றைக் கேட்டால் நாஞ்சில் நாட்டின் குளமும் வயல்வெளியும் மலையும்தான் என் மனதில் வரும். குளக்கரையில் கிழக்கைப் பார்த்து நின்றால் தண்ணீரில் உதயம் கிடைக்கும். அது முடிந்ததும் கிளம்பாமல் திரும்பி நில்லுங்கள். வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலை வரிசையில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். கீழே தாமரை இலைமேல் இலைக்கோழி நடந்துகொண்டிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளும் சேரும். சுசீந்திரம் குளத்தோடு சேர்த்து 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த நீர்நிலை இது. கவிமணி பிறந்த ஊரும் இதுதான். பறவைக்காக வந்தால் கரையோடு நில்லுங்கள், உள்ளே இறங்கிக் கலைக்காதீர்கள்.

மாதமும் இங்கே படத்தை மாற்றும். இங்கத்திய இரண்டு நெல் போகங்களான கன்னிப்பூவுக்கோ கும்பப்பூவுக்கோ நடவு நடக்கும் வேளையில் வயல்களில் தண்ணீர் நிற்கும், வானம் முழுக்க அதில் தெரியும். நட்டுச் சில வாரத்தில் பச்சை. கும்பப்பூ விளையும் மாசியில் பழுத்த நிறம். கடற்கரையில் மேகம் மூடினால் அன்றைய காலை போச்சு. இங்கே மேகம் மூடினாலும் மென்மையான வெளிச்சத்தில் தாமரையும் வயலும் எடுக்கலாம். ஒரே காலைதான் என்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம், தேரூரிலிருந்து சுசீந்திரம் பக்கத்தில்தான். தாணுமாலயன் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம் கிழக்கு பார்த்தது. காலை வெயில் முதலில் கலசத்தில் பட்டு, நிலை நிலையாகக் கீழே இறங்கும். தெப்பக்குளக் கரையில் காற்றில்லாத காலை வாய்த்தால் தண்ணீரிலும் ஒரு கோபுரம் கிடைக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வருகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பிய்த்துக்கொண்டு வரும் மாதங்கள் அவை. குளம் அலையடிக்கும், பிம்பம் கிடைக்காது. ட்ரைபாடில் பையைக் கட்டித் தொங்கவிட்டாலும் நீண்ட எக்ஸ்போஷர் ஆடிப்போகும். அந்த மாதங்களில் ஷட்டரை வேகமாக வைத்து, வட்டக்கோட்டையில் அலையையே எடுக்கப் போங்கள்.