தூரம் சரி, நேரத்தை நம்ப வேண்டாம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் உடனே சொல்லிவிடும் இணையத்தளங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. கொழும்பு வெள்ளவத்தையில் விமான டிக்கெட் போடுகிற வேலை எனக்கு. அந்தப் பதிலைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டே வருகிறவர்கள் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு ஐயா வந்தார். மகள் குடும்பம் நோர்வேயின் வடகோடியில், போட்ஸ்ஃபியோர்டில் இருக்கிறது. மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய் எங்கள் ஆட்கள் குடியேறிய பகுதி அது. "பிள்ளை, பலாலிக்கு ஒன்பதரை மணித்தியாலம்தானாம், இதில போட்டிருக்கு" என்றார். பலாலி என்றால் யாழ்ப்பாண விமான நிலையம்.

தூரம் பிழையில்லை, சுமார் 7,600 கிலோமீற்றர். பூமி உருண்டை மீது இரு இடங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோட்டை அளப்பது வெறும் கணிதம். நேரம் அப்படி இல்லை. அந்தத் தூரத்தை மணிக்கு 850 கிலோமீற்றர் அளவில் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வேகத்தில் போகிற பெரிய ஜெட் எதுவும் போட்ஸ்ஃபியோர்டில் இறங்காது. அங்கே ஓடுபாதையே சுமார் 1,000 மீற்றர்தான். 39 பேர் ஏறக்கூடிய டாஷ் 8 வரும். பலாலிக்கு சென்னையிலிருந்து வருவதும் ஏடிஆர் 72. இரண்டுமே விசிறி விமானங்கள், மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறப்பவை.

கோடு போகிற வழியையும் பாருங்கள். போட்ஸ்ஃபியோர்டில் கிளம்பியவுடன் ரஷ்யாவுக்கு மேலே ஏறிவிடுகிறது. 2022 முதல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அந்த வான்வெளி மூடிக் கிடக்கிறது. மகள் உண்மையில் வரப்போவது, சிறிய விமானங்களில் மாறி மாறி முதலில் ஒஸ்லோவுக்கு. அதுவே வேறு பக்கமாக, தென்மேற்கே 1,400 கிலோமீற்றருக்கு மேல். அப்புறம் டோஹா, அங்கிருந்து கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்க, பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயிலோ பஸ்ஸோ. இல்லையென்றால் சென்னைக்குப் போய் பலாலி. எப்படிப் பார்த்தாலும் ஒரு முழு நாளுக்குக் குறையாது. அந்தத் தளத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நேரடி விமானம் கிடையாது என்றாவது போட்டிருக்கலாம். மகளை எதிர்பார்த்திருக்கும் வயதானவர்கள் இதை நம்பி வாகனம் பிடித்து பலாலியில் போய்க் காத்திருந்தால் யார் பதில் சொல்வது?

நான் பாவிப்பது கிரேட் சேர்க்கிள் மெப்பர். பார்க்கப் பழைய தளம், அழகு கிடையாது. ஆனால் போட்ஸ்ஃபியோர்டுக்கு பிஜேஎஃப், பலாலிக்கு ஜேஏஎஃப் என்று விமான நிலையக் குறியீட்டைப் போட்டால் கோட்டை வரைபடத்தில் தெளிவாகக் காட்டும், ஓடுபாதை நீளத்தையும் சொல்லும். என்ன விமானம் அங்கே இறங்கும் என்று அதிலிருந்தே ஊகிக்கலாம்.

நேரம் வேண்டுமென்றால் விமான நிறுவனத்தின் அட்டவணையில் ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். குளிர்காலம் என்றால் ஒஸ்லோவில் ஒரு இரவு விட்டே டிக்கெட் போடச் சொல்வேன். வடக்கே பனிப்புயல் அடித்தால் அந்தச் சின்ன விமானம்தான் முதலில் நிற்கும்.