எச் இஸ் ஃபார் ஹாக்: தராசில் நிற்கும் பறவை

நாவல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். 2014இல் வந்த இது தன்வரலாறு. புகைப்படக்காரரான அப்பா 2007இல் திடீரென இறந்துபோக, இதை எழுதிய ஹெலன் மெக்டொனால்ட் 800 பவுண்டு கொடுத்து மேபல் என்ற பெண் கோஸ்ஹாக் வேட்டைப்பறவையை வாங்கிப் பழக்குகிறார். நம்மூர் வல்லூறுக்கு உறவுதான், உருவம் மட்டும் பல மடங்கு.

பழக்கும் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர். தினமும் எடை பார்க்க வேண்டும். கூடினால் பறவைக்குப் பசி இருக்காது, கூப்பிட்டால் வராது. ரொம்பக் குறைந்தால் உடம்பு தளர்ந்துவிடும். முதலில் மங்கலான அறை, கையுறையில் இறைச்சி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருத்தல். மேபல் குனிந்து முதல் துண்டைக் கொத்தும்போது நமக்கும் மூச்சு வருகிறது. பிறகு நீளக் கயிறு. கடைசியில்தான் கட்டில்லாப் பறத்தல்.

1936இல் ஆங்கில எழுத்தாளர் டி. எச். வொயிட் தன் கோஸ்ஹாக்கைத் தூங்கவிடாமல் பழக்கி, தீனியை அள்ளிப் போட்டு, நைந்த கயிறு அறுந்து அதைப் பறிகொடுத்த கதையும் ஊடே வருகிறது. அது கொஞ்சம் இழுவை.

பறவை துக்கத்தை ஆற்றிவிடவில்லை. மனிதர்களை விட்டு இன்னும் விலக்குகிறது. டாக்டரும் மாத்திரையும் தேவைப்படுகின்றன. முயல் வேட்டைக் காட்சிகளில் ரத்தம் தாராளம், சாப்பிடும்போது படிக்க வேண்டாம்.