85,000 ரூபாய்க்கு இலவச ட்ரயல்: மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் அலுவலகம் வைத்திருப்பவர்கள் கவனம்

மட்டக்களப்பு டவுனில் கணினி விற்று, திருத்தி, அலுவலகங்களுக்கு ‘செட்டப்’ செய்து கொடுக்கும் ஒரு கடை எங்களிடம் 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறது. முறைப்பாடு போட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் கல்லடியிலும் கல்முனையிலும் வேறு இடங்களுக்கும் இதே வேலையைச் செய்து கொடுத்ததாக அந்த ஆள் தன் வாயாலேயே சொன்னவர். அதுதான் இந்த அவசரம்.

எங்களுடையது சின்னக் கணக்கு அலுவலகம். உள்ளூர்க் கடைகளின் கணக்கோடு ஒரு அவுஸ்திரேலிய நிறுவனத்தின் பில்களையும் பதிகிறோம். அவர்கள் மணித்தியாலக் கணக்கில் காசு தருவதால், யார் எவ்வளவு நேரம் எந்த வேலையில் இருந்தார் என்ற பதிவைக் கேட்டார்கள். அதற்காகத்தான் கணினியில் நடப்பதைக் கண்காணிக்கும் மென்பொருள். வேலை செய்யும் பிள்ளைகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவர்களின் சம்மதத்தோடுதான் தொடங்கினோம். சொல்லிவிட்டுச் செய்வதில் ஒரு தப்பும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கடைக்காரரிடம் ஒரு தாளில் தெளிவாக எழுதியும் கொடுத்தோம்: காலை எட்டரை முதல் ஐந்து மணி வரை மட்டும், மதிய இடைவேளையில் ஓடக்கூடாது, எக்செலும் கணக்கு மென்பொருளும் மட்டும் பதிவாக வேண்டும், கீபோர்டில் தட்டுவதைப் பதியவே கூடாது.

வந்தவர் நல்ல மரியாதையான ஆள். அட்வான்ஸ் நீட்டினேன், வாங்கவில்லை. “வேலைய முடிச்சிட்டு வாங்கிறன் அக்கா” என்றார். ஆறு கணினியிலும் ஏற்றி முடித்துவிட்டு, தன் ஃபோனை என் பக்கம் திருப்பினார். “இஞ்ச பாருங்க அக்கா, உள்ளுக்க இருக்கிற தங்கச்சி இப்ப என்ன செய்யிறா எண்டு.” அந்தச் சின்னத் திரையில் எங்கள் பிள்ளை திறந்து வைத்திருந்த எக்செல் தாள், அவள் மஞ்சள் நிறம் அடித்து வைத்த கட்டங்கள் வரை தெரிந்தது. “ஒரு வருச லைசென்ஸ், ஆறு மெசினுக்கும். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, நான் இருக்கன்தானே.” காசை எண்ணிக் கொடுத்தேன். 85,000 ரூபாய்.

பதினான்கு நாள் முடிய, ட்ரயல் காலம் முடிந்தது என்று திரையில் வந்து நின்றது. ஒரு வருட லைசென்ஸ் எங்கே என்று விசாரித்தால், அந்தப் பதினான்கு நாளை அந்த மென்பொருளைச் செய்த கம்பனி ஈமெயில் கொடுக்கும் எவருக்கும் சும்மாவே தருகிறது! கம்பனிக்கே எழுதினோம். கணக்கு வேறொரு ஈமெயிலில் இருக்கிறது, உரிமையாளர் அவர்தான், உங்களுக்கு எதையும் தர முடியாது என்று பதில் வந்தது. அந்த ஈமெயில் கடைக்காரருடையது. எங்களுக்குத் தந்திருந்தது வெறுமனே பார்ப்பதற்கான லொகின் மட்டும். அந்த நாட்களில் எங்கள் திரைகளில் வந்த வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைப் பிரதி, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் படம் படமாக அவர் கணக்கில் கிடக்கின்றன.

அதைவிட மோசம், நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கீபோர்ட் பதிவு. எல்லாவற்றையும் அப்படியே திறந்து விட்டிருக்கிறார், நேரக்கட்டுப்பாடும் போடவில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி மதிய இடைவேளையில் தன் பேங்க் கணக்குக்குள் போயிருக்கிறாள். அவள் தட்டிய பாஸ்வேர்ட் எழுத்துக்கெழுத்து ரிப்போர்ட்டில் நின்றது. அதைப் பார்த்தவுடன் அவள் முகம் செத்துப்போனது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?

அப்புறம் வேறொரு தம்பியைக் கொண்டு பார்த்ததில், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் சி டிரைவ் முழுவதையுமே சோதிக்காமல் விடும்படி போட்டிருந்தது தெரிந்தது. வேறு இடத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளான எனிடெஸ்க்கும் இருந்தது. இங்கே யாரும் ‘சம்மதம்’ அழுத்தாமலே வெளியிலிருந்து உள்ளே வரும்படி அதற்குத் தனிப் பாஸ்வேர்டும் வைத்திருக்கிறார்.

கேட்டதற்கு முதலில் “சேர்வர் பிரச்சினை, நாளைக்குச் சரியாகும்.” பிறகு “கொழும்பிலிருந்து கீ வரவேணும்.” பிறகு கடைக்கே போனால் வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது, கவுண்டரில் நின்ற பொடியன் “அண்ணன் அம்பாறைக்குப் போயிட்டார்” என்கிறான். வட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் வராது. கடைசியில் ஃபோனை எடுத்துச் சொன்னது இது: “சொஃப்ட்வெயார் வித்தா ரிட்டர்ன் இல்ல அக்கா, பில்லப் பாருங்க.” பில்லில் இருப்பது ‘கணினி சேவை, 85,000/-’ மட்டும். லைசென்ஸ் என்ற சொல்லே இல்லை. 85,000 ரூபாய் என்பது எங்கள் அலுவலகத்தில் இரண்டு பிள்ளைகளின் ஒரு மாதச் சம்பளம். அக்கா அக்கா என்று கூப்பிட்டே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பாஸ்வேர்ட்கள் எல்லாவற்றையும் மாற்றி, வாடிக்கையாளர்களுக்கும் ஒவ்வொருவராக ஃபோன் எடுத்துச் சொல்லிக்கொண்டு இருப்பதால், இப்போதைக்கு இவ்வளவுதான்:

கணக்கை உங்கள் ஈமெயிலில், நீங்களே திறவுங்கள். லைசென்ஸ் காசைக் கம்பனிக்கு நேரே கட்டி, கடைக்காரருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். கீபோர்ட் பதிவு நிறுத்தியிருக்கிறதா என்று அவர் போவதற்கு முன்பே பாருங்கள். டிஃபெண்டரில் எதையெதைச் சோதிக்காமல் விடச் சொல்லியிருக்கிறது என்ற விலக்குப் பட்டியலையும் பாருங்கள், எனிடெஸ்க் இருந்தால் கழற்றுங்கள். பில்லில் மென்பொருளின் பெயரும் காலமும் இல்லாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற ஃபோன் இலக்கத்தில் பேசலாம். பொருளையோ சேவையையோ வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும், பில்லை எறிந்துவிடாதீர்கள். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம், அதற்குப் பொலிஸுக்கும் போங்கள். இதே மாதிரி ஃபோனைத் திருப்பிக் காட்டிய ஆள் உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருந்தால், நாளைக்கு என்று விடாமல் இன்றைக்கே கணினிகளைத் திறந்து பாருங்கள்.