கேண்டிட் என்று பேசிவிட்டு யாரை அனுப்புகிறார்கள்? கல்யாணம் வைத்திருப்பவர்கள் கவனிக்க

தை, மாசியில் கல்யாணம் வைத்திருக்கிற வீடுகளில் எல்லாம் இப்போது போட்டோகிராபருக்கு முன்பணம் கொடுக்கிற நேரம். அதனால்தான் இதைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கும், அதற்குப் பிறகு வந்த என் மகளின் முதல் பிறந்தநாளுக்கும் சேர்த்து ஒரே நிறுவனத்திடம் கேண்டிட் படம், அதாவது யாரையும் நிற்கவைக்காமல் இயல்பாக எடுக்கிற படம், எடுக்கப் பேசியிருந்தோம். இரண்டிலும் ஏமாற்றினார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. விசாரித்துப் பார்த்ததில் இது ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை என்று தெரிந்தது. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பெயர் தெரியாமலே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதலில் பேச வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில், பள்ளத்தூரில் இருக்கிற எங்கள் பெரிய வீட்டுக்கே வந்தார். வானம் திறந்த முற்றமான வளவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "முகூர்த்த நேரத்துக்கு வெயில் எந்தப் பக்கத் தூணில் விழும்ணே?" என்று கேட்டார். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் வெளிச்சம் பட்டு மேலே எழும்பும், அது முகத்துக்கு நல்லது என்றார். யாரையும் நிற்கச் சொல்ல மாட்டோம், சிரிக்கச் சொல்ல மாட்டோம், நாங்கள் இருப்பதே உங்களுக்குத் தெரியாது என்றார். கையில் இருந்த டேப்லெட்டில் படங்களைக் காட்டினார். வெற்றிலை மடித்துக்கொண்டே பொக்கை வாயோடு சிரிக்கிற ஒரு பாட்டி. பந்திப் பாயில் தூங்கிப்போன குழந்தை. மணமகனின் பட்டு வேட்டியைப் பிடித்து இழுக்கிற பொடியன். அப்பச்சி (எங்கள் அப்பா) அந்தப் படங்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேண்டிட்டுக்கு 2 பேர், மேடைப் படத்துக்கு 1 ஆள், வீடியோ, ஆல்பம், கூடவே பிறந்தநாள் என்று எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி முகூர்த்தத்தன்று காலையில்.

நம் நகரத்தார் கல்யாணத்துக்கு இவ்வளவு செலவு செய்து கேண்டிட் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நம் கல்யாணம் ஒரு மேடையில் நடப்பது இல்லை, ஒரு வீடு முழுக்க நடக்கிறது. முகப்பில் பெரியவர்கள் உட்கார்ந்து இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டிருப்பார்கள். பெட்டகசாலைப் பக்கம் சாமான் பரப்பிக்கொண்டிருப்பார்கள். வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஆச்சிமார்கள் பேச்சும் வேலையுமாக இருப்பார்கள். இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். வீட்டுக்காரர்கள் யாருமே முழுவதையும் பார்க்க முடியாது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் அந்த ஒரு நாள்தான் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். மேடையில் வரிசையாக நிற்கிற படத்தில் இதில் ஒன்றும் வராது. அமைதியாக வீட்டுக்குள் நடமாடி, அடுத்து எங்கே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து, முன்கூட்டியே அங்கே போய் நிற்கிற ஒரு ஆள் வேண்டும். நாங்கள் காசு கொடுத்தது அந்த ஆளின் கண்ணுக்கு.

அந்த ஆள் வரவே இல்லை. கல்யாணத்தன்று விடியற்காலையில் இரண்டு தம்பிகள் பையோடு இறங்கினார்கள். பேசியவர் எங்கே என்று போனில் கேட்டால், "அவர் டீம் ஹெட் சார், எல்லா பங்ஷனுக்கும் வர மாட்டார், வந்திருக்கிறவங்களும் எங்க ஆட்கள்தான்" என்று பதில். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. வந்த தம்பிகளில் ஒருவன் என்னிடம் வந்து, "அண்ணே, இங்க தாலி எப்பக் கட்டுவாங்க, எங்க உட்காருவாங்க?" என்று கேட்டான். நாங்கள் சடங்கு வரிசையை நேரம் போட்டு எழுதி அந்த நிறுவனத்துக்கு முந்தின வாரமே அனுப்பியிருந்தோம். அது அவன் கைக்குப் போகவே இல்லை. திருப்பூட்டுதல் (தாலி கட்டுவது) என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

மதியம் சாப்பிடும்போது அவனே உண்மையைச் சொன்னான். அவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்களே இல்லை. ஒரு நாள் கூலிக்கு வேறு ஊரிலிருந்து கூப்பிடப்பட்டவர்கள். படம் எடுத்த மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும், அதோடு வேலை முடிந்தது. அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, சடங்கு தெரியாத வீட்டில், கிடைத்த கேமராவை வைத்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வேறொருவர் திறமைக்கான விலையை வாங்கியவர்கள்தான் ஏமாற்றியவர்கள்.

திருப்பூட்டுதல் முடிந்ததும் ஆத்தா (எங்கள் அம்மா) தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்தத் தம்பி அப்போது எதிர்ப்பக்கம் மாலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஓடி வந்து, "மேடம், அம்மாவைக் கட்டிப்பிடிச்சு இன்னொரு தடவை அழுங்க, கேண்டிட்டா வரும்" என்றான். ஆத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஆல்பத்தில் அந்த இடத்தில் இருப்பது, தங்கச்சியும் ஒரு சித்தப்பா மகளும் செயற்கையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

வெளிச்சத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் செட்டிநாட்டு வீடுகளில் படம் எடுப்பது லேசான வேலை இல்லை. வளவின் நடுவில் வானத்து வெயில் நேராக விழும். நாலு அடி தள்ளித் தாழ்வாரம் இருட்டாக இருக்கும். கேமராவை ஆட்டோமேட்டிக்கில் விட்டால் ஒன்று முகம் வெளுத்துவிடும், இல்லையென்றால் பின்னால் நிற்கிறவர்கள் கறுத்துவிடுவார்கள். மண்டபத்தில் வெள்ளைக் கூரையில் பிளாஷை அடித்து வெளிச்சத்தைத் திருப்பி இறக்குவார்கள். இங்கே கூரை உயரம், அதுவும் பர்மா தேக்கு. மரம் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மிச்சம் வருவதும் பழுப்பாக வரும். வேலை தெரிந்தவர் எப் 1.8 மாதிரி அகலமாகத் திறக்கிற 85 எம்எம் லென்ஸை வைத்துத் தள்ளி நின்று, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்பார். முந்தின நாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். எங்களுக்கு வந்த படங்களில் பாதியில் நேர் பிளாஷ். முகம் வெள்ளை, பின்னால் வீடே இல்லை.

இன்னொன்று. சத்தம் வராமல் இருக்க வேண்டும் என்று கேமராவை சைலண்ட் ஷட்டரில், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரில் போட்டிருக்கிறார்கள். மலிவான எல்இடி சீரியல் விளக்குக்குக் கீழே எலக்ட்ரானிக் ஷட்டரில் வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடிக்கு இறக்கினாலோ மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். எடுத்த படத்தை உடனே ஒரு முறை பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இரவு எடுத்த படங்கள் முழுக்க மாப்பிள்ளை முகத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

படங்களை மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். வந்தபோது, தங்கச்சி பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டு விடைபெறுகிற நேரத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கார்டு கரப்ட் ஆகிவிட்டது என்றார்கள். கல்யாணத்துக்கு எடுக்கிற கேமராவில் இரண்டு கார்டு போடுகிற இடம் இருக்க வேண்டும், ஒரே படம் இரண்டிலும் பதிவாக வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். இவர்கள் ஒரே கார்டில் ஓட்டியிருக்கிறார்கள். சரி, கெட்டுப்போன கார்டையாவது கொடுங்கள், மீட்டுத் தருகிற இடத்தில் கொடுத்துப் பார்க்கிறோம் என்றேன். கெட்டுப்போன கார்டில் புதிதாக எதுவும் எழுதாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் ஓரளவு படங்களை மீட்டுவிடலாம். அதை பார்மேட் செய்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். என் ஆயா, அதாவது பாட்டி, தேவகோட்டையிலிருந்து முடியாத உடம்போடு வந்து, தங்கச்சி தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தது அந்தக் கார்டில்தான் இருந்தது.

அப்புறம்தான் முதலில் காட்டிய படங்கள் மேல் சந்தேகம் வந்தது. வெற்றிலைப் பாட்டி படத்தை அவர்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, படத்தை வைத்துத் தேடுகிற கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். கேரளாவில் இருக்கிற வேறொரு போட்டோகிராபரின் பக்கத்தில் அதே படம், பல வருடங்களுக்கு முன்னால் போட்டது. தூங்குகிற குழந்தையும் அவர் எடுத்ததுதான். வளவில் நின்று வெயிலைப் பற்றிப் பேசியவருக்குப் பேச்சு மட்டும்தான் சொந்தம்.

பிறந்தநாள் இதைவிட மோசம். பணம் முழுவதும் ஏற்கெனவே போய்விட்டது, படங்களும் அப்போது கையில் வரவில்லை, அதனால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. காரைக்குடியில் ஒரு சின்ன ஹால். ஒரு வயதுக் குழந்தைக்குச் சாயங்காலம் தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு கொஞ்ச நேரம்தான் நல்ல மனநிலை இருக்கும். கூட்டம் சேருவதற்குள் அந்த நேரத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் கேமராவை வைத்து, ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்குக் கீழே இறக்காமல், முகத்தில் பிளாஷ் அடிக்காமல் எடுத்தால் நல்ல படம் கிடைக்கும். அவர்கள் வந்தபோது குழந்தை தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். வந்தவர் நின்ற வாக்கில் மேலேயிருந்து பிளாஷை அடித்தார். கேக்கில் கையை வைக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப எடுத்தார். அவள் வீறிட்டு அழுதாள். என் மனைவி தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகுதான் நிறுத்தினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு நண்பர் லிங்க் அனுப்பினார். என் மகள் கேக் முகத்தோடு அழுகிறதை வெட்டி, சிரிப்புச் சத்தம் போட்டு, தங்கள் பக்கத்தில் விளம்பர ரீலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் சிரித்துப் பேசியிருந்தார்கள். கல்யாணப் படம் கெட்டதில் வந்த வருத்தம் வேறு. இது என்னைத் தூங்கவிடவில்லை. அந்த ரீலை நீக்கச் சொன்னபோது, எடுத்த படம் எங்களுக்குச் சொந்தம், என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்றார்கள்.

அது பொய். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். எங்கள் கொட்டேஷனில் உரிமை அவர்களுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. காட்டச் சொன்னபோது அவர்களாலும் காட்ட முடியவில்லை. வக்கீல் மூலமாக நோட்டீஸ் போனதும் ரீலை எடுத்துவிட்டார்கள், ஒரிஜினல் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்கும் வந்தது. பணத்தைத் தர மறுத்ததால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அந்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். பொன்னமராவதி, ராயவரம் பக்கம் இருப்பவர்களுக்குப் புதுக்கோட்டை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, கொட்டேஷன் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்களுக்கு அவைதான் கைகொடுத்தன.

இனிமேல் பேசப்போகிறவர்கள், அவர்கள் பொறுக்கிக் காட்டுகிற 20 படத்தைப் பார்க்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும் காலையிலிருந்து இரவு வரை காட்டச் சொல்லுங்கள். திருடிய படத்தை வைத்திருப்பவரிடம் முழுக் கல்யாணம் இருக்காது. இரண்டு மூன்று படங்களுக்கு ஒரிஜினல் பைல் கேளுங்கள். எந்தக் கேமராவில், எந்தத் தேதியில் எடுத்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கும். வரப்போகிறவர் பெயரைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு வர முடியாமல் போனால் யார் வருவார், எவ்வளவு பணம் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டு கார்டில் பதிவு, படம் தருகிற தேதி, அனுமதி இல்லாமல் எங்கேயும் போடக்கூடாது என்கிற வரி, இவையும் சேரட்டும். குழந்தை படம் என்றால் அந்தக் கடைசி வரியை விடவே விடாதீர்கள். மீதிப் பணத்தை முகூர்த்தத்தன்று முழுதாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பங்கு படம் கைக்கு வந்த பிறகுதான். நம் ஊரிலேயே சடங்கு வரிசை தெரிந்த போட்டோகிராபர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பளபளப்பு குறைவாக இருக்கலாம். கழுத்துரு என்கிற நம் தாலியைப் பூட்டுகிற நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், இன்றைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: எங்கள் கல்யாணத்துக்கு வரப்போகிறவர் யார், அவர் எடுத்த ஒரு முழுக் கல்யாணத்தைக் காட்டுங்கள் என்று. போனில் பேசிச் சமாளிக்கப் பார்த்தால், எழுத்தில் பதில் வேண்டும் என்று திரும்பக் கேளுங்கள். "டீம் ஹெட்", "எங்க ஆட்கள்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள், முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். என்ன எழுதிக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு, நாங்கள் அனுப்பிய நோட்டீஸின் மாதிரியைப் பெயர்களை நீக்கித் தருகிறேன்.