பட்டர்வொர்த் கிளினிக்கில் மின்னணு மருத்துவப் பதிவேடு: 14 மாதங்களுக்குப் பிறகு ஒரு தாதியின் மதிப்பீடு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலுள்ள பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் 19 ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். 14 மாதங்களுக்கு முன்பு எங்கள் கிளினிக் காகித அட்டைகளை விட்டுவிட்டு, மாதச் சந்தா கட்டி இணையத்தின் வழி பயன்படுத்தும் ஒரு மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறியது. அந்த மென்பொருளின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. வாங்குவதற்கு முன் செயல்விளக்கம் காட்டப்பட்ட மற்ற மூன்று மென்பொருள்களிலும் ஏறக்குறைய இதே நிறைகளையும் குறைகளையும்தான் கண்டேன். ஆகவே, எதை வாங்கப் போகிறவருக்கும் இந்த மதிப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் பழைய அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது தெரியாமல் அதை மதிப்பிட முடியாது. எங்கள் கவுண்டரின் பின்னால் தரையிலிருந்து கூரை வரை அட்டைகள் எண் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. கவுண்டரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் அக்கா, நோயாளி வாசற்கதவைத் தள்ளும்போதே அட்டையை உருவத் தொடங்கிவிடுவார். அட்டையின் வலது மேல் மூலையில் சிவப்பு நட்சத்திரம் இருந்தால் பெனிசிலின் ஒவ்வாமை என்று பொருள். நீலப் புள்ளி இருந்தால் காது மந்தம், உரக்கப் பேச வேண்டும். ஒரு சிறிய வட்டம் இருந்தால் சம்பளம் வந்த பிறகுதான் கட்டணம் கொடுப்பார், வற்புறுத்தக் கூடாது. இந்தக் குறிகளை யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் கிளினிக்கில் எல்லாருக்கும் தெரியும். நம் அரசு கிளினிக்குகளில் கர்ப்பிணிகளின் அபாய நிலையை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் பிரித்துக் காட்டும் முறையும் இதே அறிவில் பிறந்ததுதான். பார்த்த கணத்தில் புரிய வேண்டும், படித்துப் புரிந்துகொள்ள அங்கே நேரமில்லை.

புதிய மென்பொருளில் பதிவு செய்யும் பகுதி மிகச் சிறப்பாக இருக்கிறது. நம் அடையாள அட்டையான மைகார்டைக் கருவியில் செருகினால் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடுகின்றன. 2001ஆம் ஆண்டு முதல் நம்மிடம் மைகார்டு இருப்பதும், ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் மாறாத 12 இலக்க எண் இருப்பதும் எவ்வளவு பெரிய வசதி என்பது இந்த வேலையைச் செய்யும்போதுதான் தெரிகிறது. எழுத்துக்கூட்டல் மாறி மாறி எழுதப்பட்ட சுப்பிரமணியங்களை எல்லாம் இனிப் பெயரை வைத்துத் தேட வேண்டியதில்லை. ஆனால் பெயர்க் கட்டங்களை வடிவமைத்தவருக்கு நம் பெயர்கள் தெரியவில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் வைத்ததால், மகன், மகள் என்று பொருள்படும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றுக்குப் பின்னால் வரும் தந்தையின் பெயர் நோயாளியின் குடும்பப்பெயராகி, மருந்துப் பையில் ஒட்டும் சீட்டில் அதுவே முன்னால் அச்சாகியது. தன் மருந்துப் பையில் இறந்துபோன தகப்பனாரின் பெயரைப் பார்த்த ஒரு மூதாட்டி அதை வாங்க மறுத்தார். இதைத் திருத்த நிறுவனத்துக்கு ஐந்து மாதங்கள் ஆயின. பிறை தொழிற்பேட்டையிலிருந்து வரும் நேப்பாள, வங்காளதேசத் தொழிலாளர்களின் நிலை இன்னும் தீரவில்லை. அவர்களைக் கடப்பிதழ் எண்ணால் பதிவு செய்கிறோம். கடப்பிதழைப் புதுப்பித்ததும் எண் மாறிவிடுகிறது, மென்பொருளோ அவரைப் புதிய மனிதராக எடுத்துக்கொள்கிறது. பழைய பதிவிலுள்ள ஒவ்வாமைக் குறிப்பு புதிய பதிவுக்கு வருவதில்லை. அழகுக் குறை என்று இதை ஒதுக்க முடியாது, உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். மென்பொருள் வந்த முதல் ஆறு வாரங்கள் அக்கா அதை ஏற்கவில்லை. வெளிப்படையாக மறுக்கவும் இல்லை. கணினியில் பதிந்துகொண்டே, மேசைக்குக் கீழே காகித அட்டையையும் எழுதிக்கொண்டிருந்தார். வயதானவர், கணினியைக் கண்டு பயப்படுகிறார் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னார். அது உண்மையில்லை. தன் கைப்பேசியில் வங்கிப் பணம் அனுப்புவது முதல் அரசாங்க உதவிக்கு விண்ணப்பிப்பது வரை எல்லாவற்றையும் செய்பவர் அவர். அவருடைய கணக்கு எளிமையானது: அந்த ஆறு வாரங்களில் அவருக்கு வேலை கூடியதே தவிர, எதுவும் குறையவில்லை. தட்டச்சு செய்தவர் அவர், அதனால் கிடைத்த மாத அறிக்கையைப் பார்த்து மகிழ்ந்தவர் டாக்டர்.

ஏழாவது வாரத்தில் மருந்துச் சீட்டு அச்சிடும் சிறு கருவி வந்து சேர்ந்தது. நாளொன்றுக்கு 60 நோயாளிகள், ஆளுக்கு மூன்று மருந்துகள் என்றால் 180 சீட்டுகளை அவர் கையால் எழுதிக்கொண்டிருந்தார். மருந்தின் பெயர், அளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் இப்போது தானாக அச்சாகி வருகின்றன. மாலையில் அவர் விரல்களை நீவிக்கொள்வது நின்றது. அதற்கடுத்த வாரம், யாரும் சொல்லாமலே, மேசைக்குக் கீழிருந்த அட்டைகளை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டார். அது மட்டுமல்ல, நோயாளியின் பெயருக்கு அருகில் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்து, பழைய நட்சத்திரத்தையும் புள்ளியையும் வட்டத்தையும் சொற்களாக மாற்றி ஒவ்வொன்றாகப் பதிந்தவரும் அவர்தான். வளரும் நாடுகளில் சுகாதாரப் பணியாளர்கள் மின்னணுப் பதிவேட்டை ஏற்கத் தயங்குகிறார்கள் என்று படிக்கும்போதெல்லாம், அவர்களுக்கு அந்தச் சீட்டுக் கருவி கொடுக்கப்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆய்வாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஒரு தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது அது பயனுள்ளது என்றும் கையாள எளியது என்றும் அவர்களே உணர்வதைப் பொறுத்தது என்று 1989இல் ஃபிரெட் டேவிஸ் எழுதினார். 2003இல் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட அவருடைய சக ஆய்வாளர்களும் இதை விரித்து, சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்பையும் பணியிடத்தில் கிடைக்கும் உதவி வசதிகளையும் சேர்த்தார்கள். இவ்வகை ஆய்வுகள் பெரும்பாலும் பணியாளரின் மனத்தை அளக்கின்றன. மென்பொருள் அவருக்குத் திருப்பிக் கொடுப்பதையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும். கென்யாவின் எல்டோரெட் பகுதியில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக அமைந்த பதிவேட்டில் தொடக்கத்தில் மருத்துவப் பணியாளர்கள் தட்டச்சு செய்யவே இல்லை. அவர்கள் காகிதப் படிவத்தை நிரப்பினார்கள், தரவுப் பதிவாளர்கள் அதைக் கணினியில் ஏற்றினார்கள், அடுத்த வருகையின்போது நோயாளியின் சுருக்கக் குறிப்பு அச்சிடப்பட்டு மருத்துவப் பணியாளரின் கைக்கு வந்தது. எந்த ரத்தப் பரிசோதனைக்கு நாளாகிவிட்டது என்ற நினைவூட்டலும் அதில் சேர்க்கப்பட்டபோது, பரிசோதனைகள் கேட்கப்படுவது கூடியது. அந்தப் பதிவேட்டின் தொடக்க அனுபவத்திலிருந்து 2004இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற இலவச மென்பொருள் இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. மலாவியில் பாவோபாப் ஹெல்த் என்ற அமைப்பு விசைப்பலகையையே தவிர்த்து, விரலால் தொட்டு விடை தரும் திரைகளைக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும்படி, மின்கல ஆதரவோடு அமைத்தது. இவ்விரண்டு இடங்களிலும் வேலை செய்பவரின் கையையும் நேரத்தையும் முதலில் நினைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே செலாயாங் மருத்துவமனை 1999இல் காகிதமில்லா மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. பணமும் துணிவும் நம்மிடம் அப்போதே இருந்தன.

டாக்டரின் அறைக்குள் அனுபவம் கலவையானது. முதல் மாதத்தில் ஓர் ஐயா என்னிடம் வந்து, "என்னம்மா, டாக்டர் என் முகத்தையே பார்க்கலையே, திரையைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தாரு" என்றார். திரையை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி, நோயாளியும் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். அதன்பின் அதே திரை பேச்சுக்கு உதவியது. இனிப்பு நீர் நோயாளிகளுக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரை) அளவுகளை வரைபடமாகக் காட்டும் வசதி இந்த மென்பொருளின் தலைசிறந்த அம்சம் என்பேன். ஏறிக்கொண்டே போகும் கோட்டைத் தன் கண்ணால் பார்த்த ஒருவருக்கு நான் பத்து நிமிடம் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. நோய்க் குறியீட்டுப் பட்டியல் அவ்வளவு நன்றாக இல்லை. பட்டியல் நீளமாக இருப்பதால், அவசரத்தில் சளி, தொண்டைவலி, இருமல் எல்லாமே 'ஜே06.9' (வகை குறிப்பிடப்படாத மேல் சுவாசப்பாதைத் தொற்று) என்ற ஒரே குறியீட்டுக்குள் போய்விடுகின்றன. பின்னாளில் இந்தப் புள்ளிவிவரத்தை நம்பி யாராவது முடிவெடுத்தால் அது தவறான முடிவாகவே இருக்கும்.

ஒவ்வாமை எச்சரிக்கை ஒரு முறை எங்களைக் காப்பாற்றியது. பெனிசிலின் ஒவ்வாமை பதிவாகியிருந்த ஒரு பெண்ணுக்கு, பெனிசிலின் வகையான அமோக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை டாக்டர் தேர்ந்தெடுத்தபோது, திரை சிவந்து நின்றது. காலை 11 மணி நெரிசலில் அந்தச் சிவப்பு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அதே சிவப்பு, ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரிலும் இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மினும் சேர்த்து உண்ணும் நோயாளிகள் மாதந்தோறும் மருந்து வாங்க வரும்போதெல்லாம் வருகிறது. பெரிய ஆபத்துக்கும் சிறிய கவனத்துக்கும் ஒரே நிறம், ஒரே ஒலி. டாக்டரின் விரல் இப்போது படிக்காமலே அதை மூடப் பழகிவிட்டது. இந்த எச்சரிக்கைகளைத் தரம் பிரித்துக் காட்டும்படி மூன்று முறை எழுதிக் கேட்டிருக்கிறோம்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெனல் நோயாளிகளின், அதாவது வேலை செய்யும் நிறுவனமே கட்டணத்தை ஏற்கும் நோயாளிகளின், விவரங்களை மென்பொருளில் பதிந்த பிறகு, அவர்கள் நிறுவனத்தின் மருத்துவச் செலவைக் கையாளும் அமைப்பின் இணையவாசலில் மீண்டும் முழுவதுமாகப் பதிய வேண்டியிருக்கிறது. மூன்று நிமிடம் கை வைக்காவிட்டால் மென்பொருள் வெளியேற்றிவிடுகிறது. அதனால் காலை நெரிசலில் ஒருவர் திறந்து வைத்த கணக்கையே எல்லாரும் பயன்படுத்தும் பழக்கம் எங்களிடையே வந்துவிட்டது, எந்தப் பதிவை யார் செய்தார் என்ற தடமும் பொய்யாகிவிட்டது. இது எங்கள் தவறுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணியாளர் தம் அட்டையால் தொட்டால் திறக்கும் ஏற்பாடு இருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. ஒரு திங்கட்கிழமை இரண்டு மணி நேரம் இணையம் நின்றபோது எந்த நோயாளியின் பழைய பதிவையும் எங்களால் பார்க்க முடியவில்லை. அன்று அக்கா அடுக்கிலிருந்து எடுத்த பழைய அட்டைகள்தான் கைகொடுத்தன. இப்போது மறுநாள் முன்பதிவு செய்தவர்களின் சுருக்கத்தை முந்தைய மாலையே அச்சிட்டு வைக்கிறோம்.

பயிற்சி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. மலாயில் நடத்தியிருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெளிவாகப் புரிந்திருக்கும். ஆனால் தொலைபேசியில் உதவி கேட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஆள் கிடைக்கிறார், பொறுமையாகப் பேசுகிறார். இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒரு நாளைக்கு 40 பேருக்கு மேல் பார்க்கும், நாட்பட்ட நோயாளிகள் அதிகமுள்ள கிளினிக்குகளுக்கு இவ்வகைப் பதிவேட்டை நான் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையே பார்க்கும் கிளினிக்குகள் கடப்பிதழ் மாற்றத்தை அது எப்படிக் கையாள்கிறது என்பதைச் செயல்விளக்கத்தின்போதே செய்து காட்டச் சொல்லுங்கள். சந்தாவை நிறுத்தினால் நோயாளிகளின் பதிவுகள் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டோம். செயல்விளக்கத்துக்குக் கவுண்டரில் இருப்பவரை அழைத்து வந்து, விசைப்பலகையை அவர் கையில் கொடுங்கள். எங்கள் ஒப்பந்தம் பத்து மாதங்களில் புதுப்பிப்புக்கு வருகிறது. எச்சரிக்கை நிறங்களும் கடப்பிதழ்ப் பதிவுகளும் அதற்குள் சரியாகாவிட்டால் வேறு நிறுவனத்தைப் பார்ப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இம்முறை செயல்விளக்கம் பார்க்க அக்காவும் வருகிறார்.