"8 பேர் மட்டும்" என்றால் தலையை எண்ணிவிட்டு வண்டியில் ஏறுங்கள்

கொடைக்கானல், பண்ணைக்காடு, வத்தலக்குண்டு பக்கத்து நண்பர்கள் கவனத்துக்கு. "கலங்கரை விளக்கங்களும் கடல் உயிர்களும் – சிறு குழு – 8 பேர் மட்டும்" என்று ஒரு சுற்றுலா விளம்பரம் நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு மூன்று மாதமாகச் சுற்றுகிறது. ஜூலை இரண்டாம் வாரம் குடும்பத்தோடு அதில் போய் 30,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். நடத்தியவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது தனியாக நடக்கட்டும். விளம்பரத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும், அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் சுற்றுலாவை வைத்துப் பிழைப்பவன்தான். நாயுடுபுரத்தில் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறேன். "12 இடம் ஒரே நாளில்" என்று ஏற்றிக்கொண்டு போய், தூண் பாறையில் பத்து நிமிடம், பைன் காட்டில் பத்து நிமிடம் என்று இறக்கி ஏற்றுகிற வேன்களைத் தினமும் பார்க்கிறவன். நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் பூக்கும் என்று ஒவ்வொரு வருடமும் விருந்தினர்களிடம் சொல்கிறேன். அவர்கள் மறுநாள் வேறொரு ஊதாப் பூவின் படத்தைக் கொண்டுவந்து, "கைடு குறிஞ்சி காட்டினாரே" என்பார்கள். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். இந்த முறை அந்த ஊதாப் பூவைக் காசு கொடுத்துப் பார்த்தவன் நான்.

எட்டாவது படிக்கிற என் மகளுக்குக் கடல்பசு மேல் பைத்தியம். பள்ளியில் அதைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்ததிலிருந்து, அது பாலூட்டி, மூச்சு விட மேலே வர வேண்டும், ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடற்புல் தின்னும் என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் பாடம் நடத்துவாள். விளம்பரத்தில் கடல்பசு இருந்தது. ஓங்கில் (டால்பின்) கூட்டம், பங்குனி ஆமை, தனுஷ்கோடியில் வரிசையாக நிற்கும் பூநாரைகள் (ஃபிளமிங்கோ), கண்ணாடிப் படகில் பவளப்பாறை, ஒரு தீவில் இறங்கி நடை, எல்லாம் இருந்தது. பாம்பன், கீழக்கரை, தூத்துக்குடி, மணப்பாடு என நான்கு கலங்கரை விளக்கங்கள், "அனுமதியுள்ள இடங்களில் மேலே ஏறலாம்". கூடவே வருபவர் கடல் உயிரியல் படித்த வழிகாட்டி. மூன்று பகல், இரண்டு இரவு, தலைக்கு 7,500. நான், மனைவி, மகள், என் மாமியார் என்று நான்கு பேர். பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு போன். "சார், வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கலை. நீங்க காலையில ஆறு மணிக்கு வத்தலக்குண்டு வந்துருங்க." கொடைக்கானலில் வீட்டு வாசலுக்கே வண்டி வரும் என்பதுதான் பேச்சு. இ-பாஸ் என்ன பெரிய கம்ப சூத்திரமா? கொடைக்கானலுக்கு ஏறும் வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி, 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, என் வீட்டுக்கு வருகிறவர்கள் போனிலேயே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். தெரிந்த டாக்சிக்காரரை எழுப்பி, விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி, டம் டம் பாறையைத் தாண்டும்போது மகள் வாந்தி எடுத்து, ஒருவழியாக வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே நின்றது வெள்ளை போர்டு வேன். இ-பாஸ் ஏன் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு லேசாக உறைத்தது. வாடகைக்கு ஓட்ட அனுமதியில்லாத சொந்த வண்டி அது, மலையேறினால் சோதனையில் மாட்டுவோம் என்ற பயமாக இருக்கும். இப்படிப்பட்ட வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்டு அலைய வேண்டியதுதான். பலகையின் நிறத்தைப் பார்த்தவுடனே திரும்பியிருக்கலாம். ஆனால் மீதி 15,000-ஐ வாங்கிக்கொண்டுதான் கதவையே திறந்தார்கள், மகள் ஏற்கெனவே ஜன்னல் ஓரத்தைப் பிடித்துவிட்டாள்.

17 சீட் வண்டி. மதுரையில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. எண்ணிப் பார்த்தேன், 19 பேர். சீட்டுகளுக்கு நடுவில் நடக்கிற இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். வழிகாட்டி எங்கே என்று கேட்டால், "அவரு ராமேஸ்வரத்துல ஜாயின் பண்ணுவாருண்ணே" என்றார் ஓட்டுநர்.

மானாமதுரை தாண்டியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் பதினைந்து பேரும் ஒரே தெருக்காரர்கள். அவர்களுக்கு விற்கப்பட்டது "ராமேஸ்வரம் – திருச்செந்தூர் ஆன்மிகச் சுற்றுலா", தலைக்கு 4,800. அதே வண்டி, அதே லாட்ஜ், அதே சாப்பாடு. நாங்கள் நான்கு பேர் மட்டும் 7,500 கொடுத்து அதற்குள்ளேயே "கடல் உயிர்கள்" பார்க்கப் போகிறோம்! அந்த அம்மா பாவம், குழப்பத்தோடு கேட்டார்: "ஏந்தம்பி, லைட் ஹவுஸ்ல என்ன சாமி இருக்கு?"

அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நீராடிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். அவர்கள் வந்ததே அதற்குத்தான். என் மாமியாருக்கும் அதில் பரம திருப்தி, உண்மையில் இந்தப் பயணத்தில் காசு செரித்தது அவருக்கு மட்டும்தான். ஆனால் எங்கள் அட்டவணையில் இருந்த நேரமெல்லாம் கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்வதில் போனது. முதல் நாள் மாலை அரிச்சல்முனைக்குப் போனோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சர்ச் சுவர்கள், இரண்டு பக்கமும் கடல், முகத்தில் மணலை வாரி அடிக்கும் காற்று. நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். மகள் பைனாகுலரை வைத்துக்கொண்டு பூநாரையைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. வழிகாட்டியும் வரவில்லை. "அவருக்குக் காய்ச்சல்" என்றார்கள்.

லாட்ஜ் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடல் தெரியும் அறை என்றார்கள், பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மொட்டை மாடிக்குப் போனால் தூரத்தில் ஒரு விளக்கின் வெளிச்சம் சுற்றி வந்து போவது தெரிந்தது. மகள் வாயால் விநாடியை எண்ணிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எத்தனைக்கு ஒரு தடவை வருகிறது என்று ஏதோ ஒரு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் தீர்த்தமெல்லாம் முடிந்து பாம்பனுக்கு வந்தபோது மணி பதினொன்றரை. பாலத்தில் போகும்போதே ஓட்டுநர் கையைக் காட்டினார். "அதான் லைட் ஹவுஸ், பாத்துக்கங்க." வண்டியில் இருந்த எல்லோரும் 2025-இல் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு கலங்கரை விளக்கங்களில் ஒன்று முடிந்தது.

படகுக்காக ஒரு கரையில் இறக்கிவிட்டார்கள். அங்கே ஒரு பையன், "ஃபைபர் படகு ரெடி, தீவுக்குப் போலாம்" என்றான். பன்னிரண்டு பேர் ஏறலாமாம், உயிர்காப்பு ஜாக்கெட் ஐந்து கிடந்தது. டிக்கெட் எங்கே, வனத்துறை அனுமதி எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் ஆளு இருக்கு சார்" என்றான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. துறையே படகு விட்டு டிக்கெட் கொடுக்கும் இடங்கள் உண்டு, அதற்கு நேரத்தோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். நம் ஊரில் பேரிஜம் ஏரிக்கு அனுமதி வாங்காமல் "ஆளு இருக்கு" என்று கூட்டிப்போனால் எப்படி இருக்கும்? அதே கதைதான். நான் ஏற மறுத்துவிட்டேன்.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவரிடம் போய், "தாத்தா, கடல்பசு இங்க எங்க வரும்?" என்று கேட்டாள்.

"ஆவுளியாவா? அத பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று சிரித்தார். நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவராம், உயிரோடு பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். மூக்கை மட்டும் மேலே காட்டிவிட்டு முங்கிவிடும், கண் சிமிட்டினால் போச்சு. மகள் உடனே தன் புராஜெக்டைச் சொன்னாள்: கடல்பசுவுக்கென்று 2022-இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் பாக் விரிகுடாப் பக்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டி இருக்கிறது. எங்கள் வண்டி போகிற பாதை அதற்கு நேர் எதிர்த் திசை! விளம்பரம் எழுதியவருக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே எழுதியிருக்கிறார்.

அப்புறம் அந்தப் பெரியவர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "இப்ப கச்சான் காத்து, தென்மேற்கால இருந்து அடிக்கும். தென்கடலு கலங்கிக் கெடக்கு. கண்ணாடிப் படகுல போனாலும் கலங்கத் தண்ணியத்தான் பாப்பீக. வாடை முடிஞ்சு தை, மாசில வாங்க, தண்ணி பளிங்கா இருக்கும்." பங்குனி ஆமை முட்டையிட வருவதும் ஏறக்குறைய அந்த மாதங்களிலிருந்து பங்குனி வரைக்கும்தான், பெயரிலேயே இருக்கிறதே. பூநாரையும் குளிர்காலத்து விருந்தாளி. ஆக, விளம்பரத்தில் இருந்த படங்கள் எல்லாம் ஜனவரி, பிப்ரவரிப் படங்கள். எங்களுக்கு விற்றது ஜூலை. நமக்கு சீசன் இல்லாத மாதம் என்பதால் கொடைக்கானல்காரர்கள் ஊருக்குக் கிளம்புவது ஜூலையில்தான். அது விற்றவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மகள் விளக்கை எண்ணிய நோட்டை அவரிடம் காட்டினாள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு, ஒன்றைப் போல இன்னொன்று மின்னாது, இருட்டில் எண்ணிப் பார்த்துத்தான் எந்தக் கரை என்று தெரிந்துகொள்வோம் என்று விளக்கினார். ஜிபிஎஸ் வந்த பிறகும் எண்ணுகிற பழக்கம் விடவில்லையாம். கடல் உயிரியல் படித்த வழிகாட்டிக்கு என்று நான் கொடுத்த காசுக்குக் கிடைத்தது இந்தக் கால் மணி நேரம்தான், அதுவும் அவர் இலவசமாகக் கொடுத்தது. டீக்குக் காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார்.

படகுக்குப் பதிலாக எங்களைச் சங்குக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கவனியுங்கள். சங்கு, சிப்பி மாலை எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருந்தது. மதுரைக் கூட்டத்தில் ஒரு தம்பி ஏதோ கேட்க, கடைக்காரர் உள்ளேயிருந்து காகிதத்தில் சுற்றிய பவளத் துண்டும் காய்ந்த கடல்குதிரையும் எடுத்து வந்தார். "வாஸ்துக்கு நல்லது, 600 ரூபா." பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. பையில் அது இருக்கும்போது பிடித்தால், வாங்கியவர் தலையிலும்தான் வழக்கு விழும். கூட்டிப்போன ஓட்டுநர் அந்த நேரம் டீக்கடையில் இருப்பார். அந்தத் தம்பியிடம் மெதுவாகச் சொன்னேன், வைத்துவிட்டான். ஓட்டுநர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கமிஷன் போன கோபம் என்று நினைக்கிறேன்.

கீழக்கரையில் வண்டி நிற்கவே இல்லை. "அந்தா, அந்தப் பக்கம்தான் லைட் ஹவுஸ்" என்றார்கள், வீடுகள்தான் தெரிந்தன. இரண்டு. தூத்துக்குடியை இருட்டில் கடந்தோம், மூன்று. மூன்றாம் நாள் திருச்செந்தூர் தரிசனம், குலசை முத்தாரம்மன் எல்லாம் முடிந்து மணப்பாட்டில் மட்டும் உண்மையாகவே இறங்கினோம். மணல் மேட்டின் மேல் பழைய திருச்சிலுவைக் கோயிலும் பக்கத்தில் கலங்கரை விளக்கமும், கீழே கடலும், அவ்வளவு அழகான இடம். கலங்கரை விளக்கத்தின் வாசலில் பூட்டு. எப்போது திறக்கும் என்று கேட்க ஆளும் இல்லை. முன்கூட்டியே ஒரு போன் போட்டு நேரம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியில் ஏறினோம். இரவு பதினொன்றரைக்கு வத்தலக்குண்டில் இறக்கிவிட்டார்கள். மறுபடி டாக்சி, மறுபடி மலை, மூலையாறு பக்கம் சாலையில் காட்டுமாடு நின்றதில் அரை மணி நேரம் காத்திருப்பு.

மறுநாள் நடத்தியவருக்கு போன் செய்தேன். குரலில் அவ்வளவு பணிவு. "சார், இயற்கை நம்ம கையில இல்லையே." நானும் என் விருந்தினர்களிடம் சொல்கிற வார்த்தைதான் இது. தூண் பாறையை மூடுபனி மறைத்தால் நான் என்ன செய்ய முடியும்? ஆனால் மறைக்கலாம் என்று அறை கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன். அதோடு, 8 பேரை 19 ஆக்கியது இயற்கையா என்று கேட்டேன். 9,000 திருப்பித் தருவதாகச் சொன்னார். வந்தது 2,000. அதற்குப் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அதில் முடியாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. என்னிடம் ஜிபே ரசீதும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இருப்பது பெரிய பலம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், இப்படி ஏதாவது பதிவு செய்கிறவர்கள் முதல் வேலையாக அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எந்த வண்டி, வழிகாட்டி பெயர் என்ன, படகு டிக்கெட் யார் கொடுப்பது என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். நான் போனில் கேட்டேன், எல்லாவற்றுக்கும் "கண்டிப்பா சார்" என்றார். அந்தக் "கண்டிப்பா"வை ஆணையத்தில் காட்ட முடியாதே.

என்னை பிளாக் செய்தவர் என் மனைவியின் எண்ணை மறந்துவிட்டார். நேற்று இரவு அவருடைய ஸ்டேட்டஸை மனைவி கொண்டுவந்து காட்டினாள். அதே பூநாரைப் படம். "ஆகஸ்ட் 15 லீவு ஸ்பெஷல். 8 சீட் மட்டும். 3 சீட்தான் பாக்கி."